கதவைச் சாத்திக்கொண்டு வரையும் பெண்ணுக்கு

கேள்வி: என் வயது 29. ராயபுரத்தில் பெற்றோருடன் இருக்கிறேன். ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஆறு ஆண்டுகள் டிசைனராக வேலை பார்த்தேன். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி நீண்ட சித்திரக் கதை ஒன்று வரைய வேண்டும் என்பதற்காகப் பத்து மாதங்களுக்கு முன் வேலையை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறைக்குக் குடிபோனேன். முதல் மூன்று மாதங்களில் அறுபது பக்கங்கள் வந்தன. அதன் பிறகு முதல் அத்தியாயத்தையே வரைவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். தோழிகளின் போனை எடுப்பதில்லை. விடியும்வரை மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிறார். சில இரவுகளில், நான் இல்லாமல் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றுகிறது. ‘தனித்திரு’ என்று வள்ளலாரே சொல்லியிருக்கிறார். கலைஞர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் இல்லையா? அல்லது இது நோயா? பழைய முதலாளி வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். போவது தோல்வி என்று படுகிறது. போகலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருவதற்கு முன், கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாமல் போவதைப் பற்றிய நினைப்பு சில இரவுகளில் வருகிறது என்கிறீர்கள். அது வந்துவிட்டுப் போகும் நினைப்பா, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டதா என்பதை ஒரு கடிதத்தை வைத்துத் தீர்மானிக்க என்னால் முடியாது. எதிரில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்ய முடியும். இந்த வாரத்துக்குள் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் புறநோயாளியாகச் சென்று வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. எப்படி என்று யோசிக்கத் தொடங்கியிருந்தால் வாரக் கணக்கு வேண்டாம், இன்றே யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு போங்கள். நடுஇரவில் அந்த நினைப்பு வந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பேசவே மனம் வராத இரவாக இருந்தால் கீழே இறங்கிப் போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். காரணம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இனி நான் எழுதப்போகும் எதுவும் இதற்கு மாற்றாகாது.

படைக்கிறவருக்குத் தனிமை வேண்டுமா என்றால், வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாதி உருவான ஒரு படம் மற்றவர் கண்ணில் பட்டால் கூசிப்போகும். அடுத்த கோடு எங்கே போகப்போகிறது என்று கைக்கே தெரியாத நேரத்தில் ‘என்ன வரைகிறாய்?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மீதிப் படம் வரும். கூட்டமாக உட்கார்ந்தால் யோசனைகள் பெருகும் என்ற நம்பிக்கையை 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நால்வர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, தனித்தனியாக உட்கார்ந்த நால்வர் எழுதியவற்றைத் தொகுத்தபோது அதிகமாகக் கிடைத்தன. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

இதில் வடசென்னைக்காரர்களாகிய நமக்கு இன்னொரு பாடும் உண்டு. ஒன்றரை அறையில் ஐந்து பேர், சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு டிவி, வாசலில் தண்ணீர் லாரி, இரவெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் என்று வாழும் இடத்தில், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைப்பதே பெரும்பாடு. அதுவும் பெண்ணாக இருந்தால், கதவைச் சாத்தியதற்கே பதில் சொல்ல வேண்டும். என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் மாடிப்படியில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், மின்சார ரயிலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்த் திரும்பியபடியே எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மாடியறையை நீங்கள் பிடித்துக்கொண்டதை யாராவது சுயநலம் என்றால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் வந்த அறுபது பக்கங்கள், அந்த முடிவு சரியானது என்பதற்குச் சான்று.

வள்ளலாரை நீங்கள் துணைக்கு அழைத்ததால் அவரைப் பற்றியும் பேசிவிடலாம். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான் அவர் வளர்ந்தார். அந்த வீட்டின் மாடியறையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்முன் தியானத்தில் இருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்த மாடியறைக்காரர் திருவொற்றியூர் கோயிலுக்கு ஓயாமல் போய்வந்தார், கூட்டத்தின் நடுவே சொற்பொழிவு செய்தார், 1858இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார், 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார், 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அவருடைய தனிமை ஊருக்குச் சோறு போடுவதில் போய் முடிந்தது. கடைசியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது ஞானிகளின் கணக்கு. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. மீன் விற்கும் பெண்களை வரையப் புறப்பட்ட ஒருவருக்கு அது முன்மாதிரி ஆகாது என்பதைச் சொல்லும் தகுதி மட்டும் இருக்கிறது.

உங்களுக்கு நான் காட்ட விரும்பும் முன்மாதிரி வேறொருவர். கணித மேதை ராமானுஜன் தன்னந்தனியாகச் சாதித்தவர் என்றே பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல், தாள் வாங்கக் காசில்லாமல், சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் குறித்துவைத்தவர் அவர். அந்தத் தனிமை அவருக்கு என்ன கொடுத்தது என்பதை உலகம் அறியும். அது அவரிடமிருந்து என்ன பிடுங்கிக்கொண்டது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்த பலவற்றை, அது தெரியாமல், தம் இளமையைச் செலவிட்டு மறுபடி கண்டுபிடித்தார். பகா எண்களைப் பற்றி அவர் உறுதியாக நம்பிய சில முடிவுகள் தவறாக இருந்தன. தவறு என்று எடுத்துச் சொல்ல அருகில் ஆளில்லை.

1912 மார்ச் மாதம் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அப்போது அவர் குடியிருந்தது ஜார்ஜ் டவுனின் சைவ முத்தையா முதலி தெருவில். நீங்கள் வேலை பார்த்த கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். அவரும் கணிதம் கற்றவர். வேலை முடிந்த மாலைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்குத் தாவிவிடும்போது, இடையில் உள்ள படிகளையெல்லாம் எழுதிக் காட்டச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். தமக்குப் புரியாவிட்டால் மற்றவர்களுக்கும் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குப் போன புகழ்பெற்ற கடிதத்துக்கு முன்னால் அந்த மாலைகள் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். சிலேட்டில் எழுதியது ராமானுஜனின் கை. அது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி ஆனதில் நாராயண ஐயருக்குப் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே அவருக்கு ஹார்டி இருந்தார், கணிதத் துணைக்குக் குறைவில்லை. ஆனால் போர்க்காலம், குளிர், தாமே சமைத்துத் தனியே உண்ட உணவு, பிறகு நோய், மருத்துவமனை அறைகள் என்று ஆண்டுகள் கழிந்தன. 1918இன் தொடக்கத்தில் அவர் உயிரை விட்டுவிட முயன்றார், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஊர் திரும்பிய பின், உடல் நலிந்திருந்த நிலையிலும், தம் மிக ஆழமான வேலைகளில் ஒன்றைச் செய்தார். தனிமைதான் அவரை அந்த விளிம்புக்குத் தள்ளியது என்று நான் சொல்லமாட்டேன். நோயும் போரும் பசியும் சேர்ந்தே தள்ளின. அந்த இரவுகளில் அவருடைய மனம் தம்மைப் பற்றி என்ன தீர்ப்பு எழுதியிருந்தாலும், அது தவறான தீர்ப்பு என்பதை மட்டும் நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

இதிலிருந்து நான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தனிமை ஆக்குவதற்கு ஏற்ற இடம். ஆக்கியதை எடைபோடுவதற்கு அது உதவாது. நீங்கள் இரண்டையும் அந்த ஷீட் கூரைக்குக் கீழேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். முதல் மூன்று மாதம் வரைந்தீர்கள். அடுத்த ஏழு மாதம், வரைந்ததற்கு நீங்களே வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்து, இரவு இரண்டு மணிக்குத் தண்டனை வழங்கியிருக்கிறீர்கள். தூக்கமில்லாத மூளை எடைபோடும் வேலைக்குத் தகுதியற்றது. அந்த நேரத்தில் சிறு குறை பெருங்குறையாகத் தெரியும். படத்தின் குறை வரைந்தவரின் குறையாக மாறும். அங்கிருந்து, நான் இல்லாவிட்டால் என்ன என்ற இடத்துக்குப் போவதற்கு அதிக தூரம் இல்லை.

மேலும், நீங்கள் தனியாக இருப்பதாக நினைக்கிறீர்கள். உங்கள் கடிதம் அப்படிக் காட்டவில்லை. விடியும்வரை மொபைல் என்றால், உலகம் முழுவதிலுமிருந்து நன்றாக வரைகிறவர்களின் முடிந்த படங்கள் ஒவ்வொன்றாக உங்கள் முடியாத படத்தின்முன் வந்து நின்றுவிட்டுப் போகின்றன என்று பொருள். அவர்கள் கிழித்த தாள்கள் அதில் வருவதில்லை. கூட்டத்தின் அழுத்தம் முழுவதும் அறைக்குள் வந்துவிட்டது, கூட்டத்தில் கிடைக்கும் ஆறுதல் மட்டும் வெளியே நின்றுவிட்டது. உங்கள் தோழியின் போனை எடுத்திருந்தால் அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள். ஆகவே இரவு பத்து மணிக்கு மொபைலைக் கீழே அம்மாவின் அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள். 14416ஐ அழைக்க வேண்டிய இரவென்றால் அதற்காகவாவது கீழே இறங்குவீர்கள், அதுவும் நல்லதே.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. காசிமேட்டுப் பெண்களை வரைகிறீர்கள். கடைசியாகக் காசிமேட்டுக்கு எப்போது போனீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. முதல் அறுபது பக்கங்கள், சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்ததிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தச் சேமிப்பு தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் முதல் அத்தியாயத்தையே வரைகிறீர்கள் என்றால், திறமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே புதிதாக எதுவும் வரவில்லை என்றுதான் அர்த்தம். நம் பக்கத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் வலை பின்னுகிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள், படகுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். தடைக்காலம் மீனுக்கும் நல்லது, படகுக்கும் நல்லது. ஆனால் அதற்கு முடியும் தேதி என்று ஒன்று முன்கூட்டியே இருக்கிறது. உங்கள் மாடியறைக்கு அப்படி ஒரு தேதி வைக்கப்படவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் நோட்டும் பேனாவுமாக அங்கே போய் நில்லுங்கள். விடியற்காலையில் எழ வேண்டியிருப்பதே உங்கள் தூக்கத்தைப் பாதி சரிசெய்யும். காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடலின் கடிகாரத்தைத் திருத்தும்.

இது நோயா என்ற இரண்டாவது கேள்விக்கு நேரில் பார்க்காமல் பெயர் சூட்ட நான் விரும்பவில்லை. எதை வைத்து நாங்கள் முடிவு செய்வோம் என்பதைச் சொல்கிறேன். ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் சோர்ந்திருப்பது, பிடித்தவற்றில் பிடிப்பு அற்றுப்போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடல் ஓய்ந்துபோவது, தம்மைத்தாமே பழித்துக்கொள்வது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோய் என்று கருதி மேற்கொண்டு பார்ப்போம். உங்களிடம் அவற்றில் சில மாதக் கணக்கில் இருக்கின்றன. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற தோற்றம் காட்டக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம். மருந்து எடுத்தால் வரையும் திறன் மழுங்கிவிடும் என்று அஞ்சி வராமல் இருக்கும் கலைஞர்கள் உண்டு. நோய் முற்றியபின் வரைய முடியாமல் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மருந்தால் ஏதாவது மந்தம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

எடைபோடும் வேலையை அறையிலிருந்து வெளியேற்ற ஒரு நடைமுறை சொல்கிறேன். வரைந்த எதையும் அன்று கிழிக்கக் கூடாது. ஃபைலில் போட்டு மூடிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில், ஒரே ஒருவருக்கு அந்த வாரத்துப் பக்கங்களைக் காட்ட வேண்டும். ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவரும், தன் ரசனையை உங்கள்மேல் ஏற்றுகிறவரும் வேண்டாம். ‘இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு எப்படிப் போனாய், எனக்குப் புரியவில்லையே’ என்று கேட்கக்கூடிய ஒருவர் வேண்டும். நாராயண ஐயர் செய்தது அதைத்தான். கடையில் உங்களோடு வேலை பார்த்தவர்களில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இன்னொரு யோசனை: நீங்கள் வரையும் மீன்காரப் பெண்களில் ஒருவரிடமே காட்டுங்கள். கூடையை இடுப்பில் எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று அவர் திருத்தும் திருத்தத்தை இணையத்தில் எந்த ஓவியரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே பகலில் உட்காருவது எவராலும் ஆகாது. உங்கள் இரவு விழிப்புக்கு அந்த வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கொளத்தூரில் 2024இல் திறந்த, படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களில் மேசை கிடைத்தால் பகல் வேலையை அங்கே வைத்துக்கொள்ளலாம். கிளை நூலகமும் சரிதான். பலர் அவரவர் வேலையில் மூழ்கியிருக்க, நடுவில் நாமும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பது, பலருக்கு நல்ல தனிமையாக அமைகிறது. ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தில் 1966 முதல் ஓவியர்கள் அவரவர் வீட்டில் வேலை செய்துகொண்டே ஒரே கிராமமாக வாழ்ந்ததும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான். குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த வின்னிகாட், 1958இல் வெளியான ஒரு கட்டுரையில் இதன் வேரைத் தொட்டார்: தாய் அருகில் இருக்கிறாள் என்ற உறுதியில், தாயைக் கவனிக்காமல் விளையாடும் குழந்தைக்குத்தான் தனித்திருக்கும் திறன் வளர்கிறது என்பது அவருடைய கருத்து. நான் பார்த்தவரை, பெரியவர்களுக்கும் இது பொருந்துகிறது. கீழே ஆள் இருக்கிறது என்ற உறுதி இருக்கும்வரை மாடியறை நன்றாக வேலை செய்யும்.

ஆகவே உங்கள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அம்மா, சாப்பாட்டை இனி படியில் வைக்க வேண்டாம். காலையில் உங்கள் மகள் வரையும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள், உறவினர் வந்தாலும் கூப்பிடாதீர்கள். அதைக் காப்பாற்றிக் கொடுப்பது உங்கள் பங்கு. இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் அவர் கீழே வந்தாக வேண்டும் என்று வையுங்கள். வந்து உட்கார்ந்தபின் வேலையைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் கேட்காதீர்கள். மருத்துவமனைக்கு முதல் முறை போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள்.

கடைசிக் கேள்வி வேலையைப் பற்றியது. போங்கள். மூன்று நாள் போதும், ஐந்து நாளுக்கு இழுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சம்பளம் வருகிறது என்பது சிறிய விஷயமில்லை. சேமிப்பு கரையும்போது ஒவ்வொரு பக்கமும் செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாகிவிடும், அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு எந்தக் கோடும் நேராக வராது. பத்து மாதத்துக்கு முன் விட்ட இடத்துக்கே திரும்புவது தோல்வி என்று உங்களுக்குப் படுகிறது. அப்போது உங்களிடம் இல்லாத அறுபது பக்கங்கள் இப்போது இருக்கின்றன. முதலாளியிடம் திங்கள், செவ்வாய், புதன் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வியாழன் முதல் சனிவரை தொடர்ச்சியாக உங்களுக்குக் கிடைக்கும். விட்டுவிட்டு வரும் ஒற்றை நாட்களைவிட, வரைகிறவருக்கு அது மிகவும் உதவும். ஆனால் ஸ்டான்லிக்குப் போய்வந்த பிறகே சேரும் தேதியைச் சொல்லுங்கள். மருத்துவர் சில வாரம் பொறுக்கச் சொன்னால், முதலாளியிடம் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி அவகாசம் கேளுங்கள். ஆறு ஆண்டு வேலை பார்த்தவரை மறுபடி கூப்பிடுகிறவர் அதைக் கொடுப்பார்.